பட்டமில்லாதவனுக்கு உள்ள சொல்

ஆபேலு இறந்த ஐந்தாம் நாள், அடக்கம் செய்கிற வியாழக்கிழமை காலையில், அவன் மனைவி மதீலே கோக்கோக் கோப்பையை ஸோலோஃபாவின் முன்னால் வைத்தாள். வைத்தவள் போகாமல் பாயின் ஓரத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள். ஸோலோஃபா தன் பேச்சுக்கோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். ஆளுயரக் கோல். அதை ஊன்றி அவர் பேச ஆரம்பித்தால் சவாயித் தீவின் இந்தக் கரையில் குழந்தை அழாது என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் அவருக்கு வேண்டியவர்கள். வேண்டாதவர்கள், குழந்தை தூங்கிப்போகும், பிறகு எங்கே அழும் என்பார்கள்.

"அத்தான், இன்னைக்கு அவருக்கு எந்தச் சொல்லு சொல்லுவீங்க?"

"அவனுக்கு உள்ளதைத்தான்."

"அது எம்புட்டு நீளம்?"

ஸோலோஃபா கோலைத் திருப்பி மறுபக்கம் தடவினார். அவர் தம்பி பெண்டாட்டி இப்படியெல்லாம் கேட்கிறவள் அல்ல. முப்பத்தொரு வருஷமாக அந்த வீட்டில் இருப்பவள். அவளுக்கும் ஆபேலுவுக்கும் பிள்ளை இல்லை. இருவரும் சேர்ந்து ஸோலோஃபாவின் வீட்டைத்தான் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

சாவை நேராகச் சொல்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பன்றிக்கும் கோழிக்கும் ஒரு சொல் உண்டு. குடும்பம் கூடிச் சூட்டுகிற, சபையில் இடம் தருகிற பட்டம் வாங்காத மனிதனுக்கு அதற்கு ஒரு படி மேலே ஒன்று, மூச்சு விடுகிற நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். ஸோலோஃபா மாதிரி சபையில் கோல் ஊன்றுகிற பேச்சாளர் போனால் 'பயணம் புறப்பட்டார்' என்போம். பெருந்தலைவர் போனால் ஆளைப் பற்றிய பேச்சே கிடையாது. 'மேகங்கள் நகர்ந்தன' என்போம், கேட்கிறவன் தலையைக் குனிந்துகொள்வான். வெளியூர்க்காரர்கள் இதையெல்லாம் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மண்ணாங்கட்டி. இது அளவு. செத்தவன் எத்தனை பெரியவன் என்று ஊருக்கு முன்னால் அளந்து காட்டுவது. தச்சன் அரை அங்குலம் பிசகினால் கதவு மூடாது, அவ்வளவுதான். பேச்சாளன் ஒரு படி பிசகினால் இரண்டு குடும்பங்கள் பத்து வருஷம் முகம் பார்க்காது. இந்த அளவில் ஸோலோஃபா முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. பிசகியவர்களை அவர் விட்டுவைத்ததும் இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் லாஃபி என்கிற இளைய பேச்சாளன், செத்துப்போன தன் சொந்தத் தகப்பனுக்கு, பாசத்தில், ஒரு படி கூடுதலான சொல்லைச் சொல்லிவிட்டான். ஸோலோஃபா பிணத்துக்கு எதிரிலேயே, "தம்பி, நிறுத்து" என்றார். லாஃபி அழுதுகொண்டே அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அதன் பிறகு சபை அவனுக்குப் பெரிய பன்றி ஒன்றைத் தண்டமும் போட்டது.

"ஊரான் வீட்டுப் பொணத்துக்கெல்லாம் மலை சாஞ்சுச்சு, நிலா எறங்கிச்சுன்னு சொன்ன வாயி" என்றாள் மதீலே. அவள் குரல் உயரவில்லை. தேங்காய்ச் சந்தை நிலவரம் சொல்வது மாதிரி சொன்னாள். "அவரு உங்களுக்கு அடுப்பு மூட்டினாரு. நீங்க பேசப்போன ஊருக்கெல்லாம் கூடையத் தூக்கிட்டுப் பின்னாடியே வந்தாரு. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் வெயில்ல வெளிய நின்னாரு. ஒரு பட்டம் குடுத்திருந்தா இன்னைக்கு அவருக்கு ஒரு வாக்கியமாச்சும் கெடைச்சிருக்கும்."

"அடுத்த வருஷம் குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

"அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு பதினோரு வருஷம். பட்டம் வந்துட்டா அவரு சபையில உக்காரணும். உக்காந்துட்டா யாரு அடுப்பு மூட்டுறது? அதானே அத்தான்?"

அவள் சொன்னது முழு உண்மை. பதினோரு வருஷமாக அவர் தனக்குள்கூட அதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொண்டதில்லை. குடும்பம் கூடி ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆபேலுவுக்குப் பட்டம் கிடைத்திருக்கும். ஒவ்வொரு வருஷமும் ஒரு காரணம் இருந்தது. ஒரு வருஷம் சூறாவளி, ஒரு வருஷம் கோயில் கூரை, ஒரு வருஷம் தன் மகன்களின் ஆக்லாந்துப் பயணம். ஆபேலு கேட்டதே இல்லை. கேட்காதவனுக்குக் கொடுக்க மறப்பது சுலபம்.

இதையெல்லாம் கேட்டும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணிக்கு முன்பு, அடுப்பு மூட்டப் போன தம்பி தேங்காய் மட்டைக் குவியலின் மேல் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தபோதும் ஒன்றும் ஆகவில்லை. நெஞ்சு நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, சரி என்றார். ஆக்லாந்திலிருந்து வந்த மகன்கள் இருவரும் கட்டிக்கொண்டு அழுதபோது அவர்கள் முதுகைத் தட்டிக்கொடுத்தார், யார் வீட்டுத் துக்கத்துக்கோ போனவரைப்போல. ஸோலோஃபா என்பது பட்டம். அம்மா வைத்த பெயர் யாக்கோபோ. பட்டம் ஏறிய பிறகு அந்தப் பெயரைச் சொன்ன ஒரே ஆள் ஆபேலு, அதுவும் பக்கத்தில் யாரும் இல்லாதபோது, "யாக்கோ, சாப்பிட வா" என்று. இனி அந்தப் பெயரைக் கூப்பிட ஆள் இல்லை. இதை நினைத்தால் அழுகை வரவேண்டும். மரத்துப்போன காலைக் கிள்ளிக் கிள்ளிப் பார்ப்பதுபோல் அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

"கோக்கோ ஆறுது" என்று சொல்லிவிட்டு மதீலே எழுந்து போனாள்.

பத்து மணிக்கு அவளுடைய பிறந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். கறுப்புத் துணி கட்டிய பெண்கள், துக்கவீட்டுக்கு மரியாதையாகத் தருகிற மெல்லிய நுண்பாய்களை விரித்துப் பிடித்தபடி வரிசையாக வந்து, பெட்டியில் கிடந்த ஆபேலுவின் காலடியில் வைத்தார்கள். சுவரில்லாத வீடு, ஆகவே ஊர் முழுவதும் பார்த்தது. எங்கள் பேச்சாளர்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். பெருந்தலைவர் நடுத்தூணில். எண்பது வயது. ஓலை விசிறியை அசைத்துக்கொண்டே இருந்தார்.

வந்தவர்களின் பேச்சாளர் வெளியே புல்லில் நின்று பேசினார். படகு தன் துடுப்பை இழந்தது என்றார். வலை தன் முடிச்சை இழந்தது என்றார். துடுப்பு சரி, வலை கொஞ்சம் மிகை என்று ஸோலோஃபாவின் காது தன்போக்கில் மதிப்பெண் போட்டது. கூடவே அவர் வீட்டு ஓலைத் தட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டு. ஒன்றில் கயிறு அறுந்திருந்தது. இதைக் கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர், யாரிடம் என்பது வரை நினைத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பதில் பேச அவர் எழுந்தார். நார்ச்சாமரத்தைத் தோளில் போட்டு, கோலை ஊன்றினார். கடவுளுக்கு நன்றி சொன்னார். வந்த ஊரின் பெருமைகளை ஒன்று விடாமல், வரிசை மாறாமல் அடுக்கினார். குரல் நன்றாகவே வந்தது. தொண்டைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாத மாதிரி அது பாட்டுக்கு வேலை செய்தது. கடைசியில் அந்த இடம் வந்தது. எந்தப் பேச்சிலும் அது வந்தே தீரும். இங்கே, இன்ன மாதிரி, இவன் போனான் என்று அளந்து சொல்ல வேண்டிய இடம். பட்டமில்லாதவனுக்கு உள்ள அந்தச் சின்னச் சொல்லை அவர் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பார், ஒரு தடவைகூட அதன் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அது நாக்கில் வந்து நின்றது. பெட்டிக்குத் தலைமாட்டில் மதீலே உட்கார்ந்திருந்தாள். அவள் அவரைப் பார்க்கவில்லை, பெட்டிக்குள் கிடந்தவனின் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மேகங்கள் நகர்ந்தன" என்றார் ஸோலோஃபா.

பெருந்தலைவரின் விசிறி நின்றது.

பின்வரிசையில் யாரோ இருமினார்கள். புல்லில் நின்றிருந்த மதீலே ஊர்ப் பேச்சாளர் குழம்பிப்போய், தலையைக் குனிவதா வேண்டாமா என்று எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்தார். லாஃபி தன் தூணிலிருந்து முதுகை எடுத்தான். இப்போது அவன் நாற்பதைத் தாண்டியவன், சபையில் நல்ல பேர். இந்த நாளுக்காக ஆறு வருஷம் காத்திருந்தான் என்று யாராவது நினைத்திருந்தால் அதில் தப்பில்லை.

"அண்ணே, நிறுத்துங்க."

ஸோலோஃபா நிறுத்தினார். யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த வேண்டும், அதுதான் முறை.

"நாலு நாளா நீங்க கண்ண மூடலைன்னு எங்களுக்குத் தெரியும்" என்றான் லாஃபி. அவன் குரலில் குத்தல் எதுவும் இல்லை, அது எல்லாருக்கும் ஆச்சரியமாக இருந்தது. "நாக்கு பிசகிருச்சு. அவ்வளவுதானே? பிசகிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு மேல பேசுங்கண்ணே. நாங்க யாரும் கேக்கலை."

வழி திறந்திருந்தது. அவர் லாஃபிக்குத் திறக்காத வழி. பன்னிரண்டு தூண்களும் அவர் அந்த வழியில் வந்துவிட வேண்டும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தன. ஸோலோஃபா யோசித்தார். பிசகியதா? வேண்டுமென்று சொன்னதா? உண்மையில் அவருக்கே தெரியவில்லை. உள்ளே தேடிப் பார்த்தார். கோபமோ துணிச்சலோ தம்பி மேல் பாசமோ, எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை. பிசகியது என்று சொன்னால் அடுத்ததாகச் சரியான சொல்லைச் சொல்ல வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"பிசகலை" என்றார்.

பெருந்தலைவர் விசிறியை மடியில் வைத்தார்.

"ஏம்ப்பா ஸோலோஃபா, அடுப்பு மூட்டுறவனுக்கு அதைக் குடுத்துட்ட. அவன் நல்லவன், நான் இல்லைன்னு சொல்லலை. நான் போறப்ப எனக்கு என்ன சொல்லுவ?"

"லாஃபி சொல்லுவான் தலைவரே. எனக்குத்தான் இனிமே பேச்சு இல்லையே."

தண்டனையைச் சபை சொல்வதற்கு முன் அவரே சொல்லிவிட்டார். கோலைப் படுக்கவைத்தார், சாமரத்தை அதன்மேல் வைத்தார், உட்கார்ந்தார். மீதிப் பேச்சை லாஃபி எழுந்து பேசி முடித்தான். அவன் அந்த இடத்துக்கு வந்தபோது எந்தச் சொல்லையும் சொல்லாமல், தாண்டி, அடுத்ததற்குப் போனான். அதுவும் பிசகுதான். அதை யாரும் நிறுத்தவில்லை. பாதிரியார் ஜெபித்தார். வீட்டின் முன்னால், அப்பா அம்மா கல்லறைகளுக்கு அருகில், ஆபேலுவைப் புதைத்தார்கள். சாயங்காலம் மதீலே ஸோலோஃபாவின் தட்டில் வழக்கத்தைவிடப் பெரிய மீன் துண்டு ஒன்றை வைத்தாள்.

சனிக்கிழமை சபை கூடித் தண்டம் விதித்தது. ஒரு வருஷம் கோல் ஊன்றக் கூடாது. உயிரோடு ஒரு பெண்பன்றி, இரண்டு பெட்டி டின் மீன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் கல்லடுப்பில் வெந்த சாப்பாடு. பெருந்தலைவரின் சொல்லை எடுத்துப் புழங்கியதற்கு இது குறைச்சல்தான். பன்றி தொழுவத்தில் இருந்தது, மீன் கடையில் கிடைத்தது. அடுப்புக்குத்தான் ஆள் இல்லை. இத்தனை வருஷம் இப்படி ஒரு தண்டம் அந்த வீட்டுக்கு வந்திருந்தால் அவர் பின்பக்கம் திரும்பி ஒரு குரல் கொடுத்திருப்பார், முடிந்தது. மகன்கள் சனிக்கிழமையே விமானம் ஏறிவிட்டார்கள். லாஃபி தன் வீட்டு ஆட்களை அனுப்பினான். ஸோலோஃபா அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

"நீங்களா செய்யப் போறீங்க? ஊரு சிரிக்கும்" என்றாள் மதீலே.

"சிரிக்கட்டும்."

"உங்களுக்குத் தெரியாது அத்தான்."

"கல்லைச் சூடு பண்ணி மேல வச்சு மூடுறது. அதுல என்ன தெரியணும்?"

திங்கட்கிழமை விடிந்ததும் பட்டம் ஏறிய மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு அடுப்புக்கொட்டகையில் குந்தினார். தேங்காய் மட்டையும் விறகும் அடுக்கி, அதன்மேல் கல்லை அடுக்கி, தீ வைத்தார். மூன்று தடவை அணைந்தது. மதீலே ஓரமாக உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சேப்பங்கிழங்கைச் சீவியது அவர், ஆகவே பாதிக் கிழங்கு தோலோடு போனது. சேப்ப இலையைக் குழித்து, தேங்காய்ப்பாலும் வெங்காயமும் ஊற்றி, வாட்டிய வாழையிலையில் பொட்டலம் கட்டினார். மதீலே கட்டியவை கையடக்கமாக இருந்தன. அவர் கட்டியவை எல்லாம் ஒழுகின.

நெருப்பு நன்றாகப் பிடித்த பிறகு அவர் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அடுப்புக்கல் சிவந்ததுபோல்' என்று முப்பது வருஷமாகச் சபையில் சொல்லி வந்தவர் அவர். பிரமாதமான உவமை என்று மூன்று ஊரில் பெயர். அதனால் கல் சிவக்கும் சிவக்கும் என்று பார்த்தார். கல் கறுத்தது. புகை ஏற ஏற இன்னும் கறுத்தது. சிவக்கவே இல்லை.

சபை வீட்டுப் பக்கம் சங்கு ஊதினார்கள்.

"கல்லு இன்னும் ஆகலை அத்தான்."

"எதை வச்சுச் சொல்ற?"

"கரியெல்லாம் எரிஞ்சு கல்லு வெளுக்கணும். வெளுக்குற வரைக்கும் அவரு பக்கத்துலயே விடமாட்டாரு."

"வெளுக்குமா?"

"ஆமா. சாம்பல் மாதிரி."

ஸோலோஃபா கறுத்த கற்களைப் பார்த்தார். ஐம்பது அடி தூரத்தில் தினமும் நடந்திருக்கிறது. ஒரு நாளாவது வந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மறுபடி சங்கு ஊதியது. தண்டம் கட்டுகிறவன் தாமதமாகப் போனால் அதற்கு வேறு தண்டம். அவர் கற்களைப் பரப்பினார், கிழங்கையும் பொட்டலங்களையும் வைத்தார், வாழையிலையும் ஈரச் சாக்கும் போட்டு மூடினார். ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் ஓலைக்கூடைகளில் அள்ளி, இரண்டு கூடைகளைக் காவடியாகத் தோளில் வைத்து, ஊர் நடுவே நடந்தார். யாரும் சிரிக்கவில்லை. பார்த்தவர்கள் வீட்டுக்குள் திரும்பிக்கொண்டார்கள்.

சபை வீட்டில் அவருடைய தூண் காலியாக விடப்பட்டிருந்தது. அவர் அதில் போய் உட்காராமல், கூடைகளை நடுவில் வைத்துவிட்டு, பரிமாறுகிறவர்கள் உட்காரும் வாசல் ஓரத்தில் உட்கார்ந்தார். லாஃபி சபை சார்பில் தண்டத்தை ஏற்றுக்கொண்டு நாலு வாக்கியம் பேசினான். வாழையிலையில் பங்கு வைத்தார்கள். எல்லாரும் பொட்டலத்தைப் பிரித்தார்கள்.

முதல் வாயிலேயே தெரிந்துபோயிற்று. சேப்ப இலை வேகாவிட்டால் என்ன செய்யும் என்று கிழங்கு தின்கிற எந்த ஊருக்கும் சொல்ல வேண்டியதில்லை. முதலில் நாக்கின் நுனியில் ஊசி மாதிரி ஆரம்பித்தது. பிறகு அண்ணம், பிறகு தொண்டை முழுவதும். ஒருவர் கன்னத்துக்குள் நாக்கைச் சுழற்றினார். ஒருவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். வாசலுக்கு வெளியே துப்பிவிட்டு வருவதற்கு மூன்று அடிதான் தூரம். யாரும் எழுந்திருக்கவில்லை. லாஃபி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. கனைத்துப் பார்த்தான். வரவில்லை. குனிந்து இன்னொரு பிடி எடுத்து வாயில் வைத்தான்.

பெருந்தலைவர் மெதுவாக மென்றார், பற்கள் கொஞ்சம்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டு நின்றது. விழுங்கினார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் வாசல் ஓரத்தைப் பார்த்தார். தேய்ந்த, கரகரத்த குரலில், பேச்சுக்குரிய எந்த அலங்காரமும் இல்லாமல் சொன்னார்.

"அவர் அடுப்பு மூட்டினப்ப ஒரு நாள்கூட அரிச்சதில்லை."

சொல்லிவிட்டுத் தன் இலையில் மீதி இருந்ததை வழித்தார். பன்னிரண்டு தூண்களிலும் கைகள் மறுபடி இலைக்குப் போயின. இந்தக் கரையிலேயே பெரிய தொண்டைக்காரர்கள் எல்லாரும், ஒரு வார்த்தை பேச முடியாமல், கண்ணைத் துடைத்துத் துடைத்து, தம் பங்கைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஸோலோஃபா தன் மடியில் இருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அது அவர் கட்டியது, பால் எல்லாம் ஒழுகியிருந்தது. ஒரு வாய் தின்றார். அரிப்பு நாக்கிலிருந்து உள்ளே இறங்கி, தொண்டையில் வந்து நின்றது. கழுத்தில் கையை வைத்துக்கொண்டார். எரிந்தது. அடுத்த வாயை எடுத்தார்.